நாலு மணி வரை சிவப்பு

சாலை வேலைக்குப் போன முதல் நாளே என் கையில் ஒரு துடைப்பத்தையும் ஒரு பலகையையும் கொடுத்தார்கள். பலகை என்றால் நீண்ட குச்சியில் ஆணி அடித்துப் பொருத்திய வட்டத் தகரம். ஒரு பக்கம் சிவப்பு. அதில் ‘நில்’ என்று மலாய் மொழியில் எழுதியிருக்கும். மறுபக்கம் பச்சை, அதில் ‘போ’. ஆண்கள் பிக்காசு பிடிப்பார்கள், தார் ஊற்றுவார்கள், ரோலர் ஓட்டுவார்கள். பெண்களுக்குத் துடைப்பமும் பலகையும்தான். “உனக்கென்ன, சும்மா நிக்கிற வேலைதானே லா” என்று எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். சும்மா நிற்பது எப்படிப்பட்ட வேலை என்று ஒரு தடவையாவது எழுதிவைக்கத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் இருந்த ரப்பர்த் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். என் கணவருக்குப் புக்கிட் மெர்தாஜாம் ரயில் நிலையத்தில் மூட்டை ஏற்றும் வேலை கிடைத்தது. எனக்கு முப்பத்தொரு வயது. தொழிற்சாலைகளில் இருபது வயதுப் பெண்களைத்தான் கேட்டார்கள். நகராண்மைக் கழகத்தில் சாலை வேலைக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போய் நின்றேன். “வெயில்ல முடியுமா?” என்று கேட்டார்கள். பதினாலு வயதிலிருந்து ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவளிடம் அப்படிக் கேட்டதே எனக்குக் கோபம். “முடியும்” என்று மட்டும் சொன்னேன்.

சாலையைக் கெடுப்பது வண்டிகள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வேலைக்குப் போன பிறகுதான் முதல் எதிரி தண்ணீர் என்று தெரிந்தது. செப்டம்பரில் மழை பிடித்தால் தீபாவளி தாண்டியும் விடாது. சாலையோரத்துப் புல் வளர்ந்து மண் மேடு கட்டிக்கொண்டால் தண்ணீர் வடிய வழியில்லாமல் தாரின் மேலேயே நிற்கும். மெல்ல உள்ளே இறங்கும். அடியில் இருக்கும் கல்லைத் தளர்த்திவிடும். அதனால் மழைக்கு முன்பே ஓரத்தைச் செதுக்கி, கால்வாயில் இருக்கும் சேற்றையும் தென்னை மட்டையையும் வாரிப் போட வேண்டும். மழைக்காலத்தில் குழி விழுந்தால் கல்லைக் கொட்டி இடித்து ஒப்பேற்றுவதோடு சரி. ஈரத்தில் தார் ஒட்டாது. தைப்பூசத்தை ஒட்டி வெயில் கொளுத்தத் தொடங்கியதும்தான் உண்மையான வேலை. குழியைச் சதுரமாக வெட்டி, தூசி தட்டி, தார் பூசி, பிரிமிக்ஸ் போட்டு ரோலர் விடுவோம். பிரிமிக்ஸ் என்பது கல்லும் தாரும் கலந்து புகையப் புகைய லோரியில் வரும் கலவை. அதைப் போட்டு முடித்த பிறகு ஆறும் வரை மேலே பாரம் ஏறக் கூடாது. ஏறினால் மாவில் கட்டைவிரலை அழுத்தின மாதிரி அப்படியே தடம் பதிந்துவிடும். அந்தத் தடத்தில் அடுத்த மழை நிற்கும். பிறகு முதலிலிருந்து எல்லாம்.

இதைத் தடுக்கத்தான் பலகையோடு ஒருத்தி நிற்கிறாள்.

எங்கள் குழுவில் எட்டுப் பேர். எங்கள் மேஸ்திரியை மண்டோர் என்போம். நல்ல மனிதர், வேலை தெரிந்தவர். ஆனால் காற்சட்டை மடிப்புக் கலையாமல் யாராவது வந்து நின்றால் குரல் இறங்கிவிடும். எங்கள் பொறுப்பில் இருந்த சாலைகளில் ஒன்று, பழத்தோட்டங்களுக்கும் வயலுக்கும் நடுவே வளைந்து வளைந்து போகும் குறுகலான சாலை. இரண்டு கார்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று புல்லில் இறங்க வேண்டும். ஒரு வருடம் அதில் மண் லோரிகள் ஓட ஆரம்பித்தன. செபராங் ஜெயா பக்கம் புது வீடமைப்புக்குப் பள்ளத்தை நிரப்ப, ஒரு குன்றை வெட்டிச் செம்மண் ஏற்றிப் போனார்கள். பெரிய சாலையில் போனால் சுற்று. எங்கள் சாலையில் போனால் ஒவ்வொரு நடைக்கும் பத்து நிமிடம் மிச்சம்.

மழைக்காலம் முழுவதும் லோரிகள் ஓடின. நாங்கள் கல் போட, அவை மிதிக்க, ஓரமெல்லாம் பிஸ்கோத்து மாதிரி உடைந்து விழுந்தது. தமிழ்ப்பள்ளிக்குப் பக்கத்து வளைவில் குளிக்கலாம் போல ஒரு குழி. டிசம்பரில் ஒரு காலை, ரப்பர்ப் பால் வாளிகளைச் சைக்கிளின் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு வந்த பால்மரம் வெட்டும் அம்மா, லோரிக்கு ஒதுங்கப் போய் அந்தக் குழியில் விழுந்தார். நாங்கள் ஓடிப் போய்த் தூக்கினோம். சாலை நீளத்துக்குப் பால் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. நெற்றி கிழிந்து ரத்தம் வந்தும் அந்த அம்மா, “என் பாலு, என் பாலு” என்றுதான் அழுதார். லோரி நிற்கவில்லை. நான் அதன் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

தைப்பூசம் முடிந்த வாரம் அந்த வளைவைச் சரியாகச் செய்ய உத்தரவு வந்தது. ஒட்டுப்போடுகிற வேலையில்லை, அடிவரை தோண்டி, புதுக் கல் நிரப்பி, இறுக்கி, மேலே பிரிமிக்ஸ். மூன்று நாள் வேலை. மூன்றாம் நாள் பகல் பன்னிரண்டரைக்கு ரோலர் கடைசி நடை முடித்தது. கறுப்பாக, தட்டையாக, அழகாக இருந்தது. பகல் வெயிலில் அது ஆறுவதற்கு நேரமாகும்.

“நாலு மணி வரைக்கும் எந்தக் கனவண்டியையும் விடாத, தங்கச்சி. சைக்கிளு, மோட்டார் சைக்கிளுன்னா புல்லு மேல தள்ளிட்டுப் போகச் சொல்லு” என்றார் மண்டோர்.

“சரி அண்ணே.”

முதல் லோரி பத்து நிமிடத்துக்குள் வந்துவிட்டது. மண் குவிந்து பக்கப் பலகைக்கு மேலே நின்றது. நான் சிவப்பைக் காட்டினேன். ஓட்டுநர் தமிழர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். ஹார்ன் அடித்தார். பிறகு தலையை நீட்டினார்.

“அக்கா, திருப்புங்கக்கா. ஒரே ஒரு வண்டிதான் லா.”

“நாலு மணிக்குத் திருப்புறேன் தம்பி. அவசரம்னா திரும்பிப் பெரிய ஜாலான் வழியா போ.”

“நடைக்குத்தான்க்கா கூலி. நாலு மணி வரைக்கும் நின்னா எனக்கு என்ன கிடைக்கும்?”

நான் பலகையைத் திருப்பவில்லை.  அவர் பின்னால் இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது. அந்தக் குறுகல் சாலையில் இனி யாரும் திரும்ப நினைத்தாலும் முடியாது. ஒரு மணிக்குள் ஏழு லோரிகள். எல்லாம் சேர்ந்து ஹார்ன் அடித்தன. பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். பக்கத்துக் கம்பத்து வீடுகளிலிருந்தும் மக்கள் கூடிவிட்டார்கள்.

பிறகு ஒரு கார் புல்லில் ஏறி இறங்கி வந்து நின்றது. மண் ஏற்றும் குத்தகைக்காரரின் மேற்பார்வையாளர். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. என்னைப் பார்க்கவே இல்லை. நேராக மண்டோரிடம் போனார்.

“என்ன மண்டோர் இது? யாரு வேலைய நிறுத்துறீங்கன்னு தெரியுதா? எங்க தவுக்கே முதலாளி ஒரு போன் போட்டா போதும், தெரியும்தானே?”

மண்டோர் தொப்பியைக் கழற்றினார்.  அவர் என் பக்கம் வந்து, “பெரிய இடம்மா. விட்டுடலாம். மெதுவா போகச் சொல்லுவோம்” என்றார்.

“மெதுவா போனா இன்னும் ஆழமாத்தான்ணே பதியும். நீங்கதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க?”

“நான் சொல்றேன், விடு.”

“விடணும்னா பலகைய நீங்க வாங்கிக்கங்க. உங்க கையால திருப்புங்க.”

நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார். வாங்கவில்லை. ரோலர் நின்ற பக்கமாகப் போய் நிழலில் உட்கார்ந்துகொண்டார். அவர் மீது எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. வாங்காமல் போனாரே, அதுவே பெரிது.

மேற்பார்வையாளர் முதல் லோரியின் கதவைத் தட்டினார். “எடு வண்டிய. அவ தானா ஒதுங்குவா.”

ஓட்டுநர் எஞ்சினை முடுக்கினார். லோரி முன்னால் நகர்ந்தது. நான் நகரவில்லை. தைரியசாலி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். புடைவைக்கு மேல் போட்டிருந்த நீளச் சட்டை முதுகோடு ஒட்டியது. வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்ற நினைப்பும் வந்தது. ஆனால் சாலையில் ஓடிய அந்தப் பாலும் கண்முன் வந்தது. முன்பக்க இரும்பு என் பலகையைத் தொட்டது. தகரம் ‘கிறீச்’ என்றது. எஞ்சினின் சூடு முகத்தில் அடித்தது. நான் ஓட்டுநரின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எஞ்சின் நின்றது. அவர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு கீழே குதித்தார்.

“நான் ஏத்த மாட்டேன் போஸ். வேணும்னா நீங்களே ஓட்டுங்க. இந்தாங்க சாவி.”

மேற்பார்வையாளர் சாவியை வாங்கவில்லை. நீட்டியதை ஒருவர் வாங்காமல் விட்டது அன்றைக்கு அது இரண்டாவது தடவை. ஓட்டுநர் போய் ரம்புத்தான் மரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்தார். மற்ற ஓட்டுநர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஹார்ன் சத்தம் அடங்கியது.

மூன்று மணி வாக்கில் நகராண்மைக் கழக எஞ்சினியர் வந்தார். யாரோ போன் செய்துதான் அனுப்பியிருக்க வேண்டும். தினமும் கடலுக்கு அந்தப் பக்கத் தீவிலிருந்து ஃபெரி ஏறி வேலைக்கு வரும் யாழ்ப்பாணத்துக் குடும்பத்து மனிதர். அதுவரை அவர் என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. நேரே வளைவுக்குப் போய்க் குனிந்து உள்ளங்கையைப் பிரிமிக்ஸ் மேல் வைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார்.

“ஆர் மறிக்கச் சொன்னது?” என்று கேட்டார்.

மண்டோர் தரையைப் பார்த்தார். “நான்தான் நிறுத்தினேன் சார்” என்றேன்.

“எத்தனை மணி மட்டும்?”

“நாலு மணி வரைக்கும் சார்.”

கடிகாரத்தைப் பார்த்தார். மேற்பார்வையாளரிடம், “இன்னும் சூடு இருக்குது. நாலு மணிக்குப் பிறகு போகலாம்” என்றார். பிறகு கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார். ஒரு பேப்பரை விரித்தார். நாலு மணிக்கு அவர் தலையசைத்ததும் நான் பச்சையைத் திருப்பினேன். பதினோரு லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. கடைசி வண்டி போன பிறகு நாங்கள் எல்லோரும் வளைவில் குனிந்து பார்த்தோம். ஒரு தடம் இல்லை.

அதோடு முடியவில்லை. மறுவாரம் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். குத்தகைக்காரரிடமிருந்து புகார்க் கடிதம் வந்திருந்தது: நான் ஓட்டுநர்களை மிரட்டினேனாம், மரியாதை இல்லாமல் பேசினேனாம். எழுத்து வேலை பார்க்கும் கிராணி ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளி, “ரெண்டு வரி மன்னிப்பு எழுதிக் கொடுத்திடுங்க. விஷயம் முடிஞ்சிடும்” என்றார்.

தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள் நான். கையெழுத்து நன்றாக இருக்கும். தமிழில் எழுத ஆரம்பித்தேன். எத்தனை மணிக்கு ரோலர் நின்றது, யார் என்ன சொன்னார்கள், லோரி எவ்வளவு கிட்டே வந்தது, டிசம்பரில் அந்த அம்மா எப்படி விழுந்தார் என்று எல்லாவற்றையும் எழுதினேன். ஒரு தாள் போதவில்லை. இன்னொன்று கேட்டு வாங்கினேன். கிராணி இரண்டையும் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“மன்னிப்பு எங்கம்மா?”

“அது இல்லைங்க. நடந்ததத்தான் எழுதியிருக்கேன்.”

“இத மேல குடுத்தா உங்களுக்குத்தான் கஷ்டம்.”

“குடுங்க.”

மூன்று மாதம் என்னைப் புல் வெட்டும் குழுவுக்கு மாற்றினார்கள். கெப்பாலா பத்தாஸ் வழியாக, வயல் வரப்பை ஒட்டிப் போகும் சாலைகள். தண்டனை என்று யாரும் வாயால் சொல்லவில்லை. தினமும் இரண்டு பஸ் மாறிப் போனேன். ஒரு நாளும் லீவு எடுக்கவில்லை. எடுத்தால் அவர்கள் ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று ஒரு பிடிவாதம். நாலாம் மாதம் பழைய குழுவுக்கே திரும்பினேன். எஞ்சினியர் இடையில் என்ன பேசினாரோ, எனக்குத் தெரியாது.

லோரிகளை நான் நிறுத்திவிட்டேன் என்று கதை கட்ட மாட்டேன். அவை இன்னும் ஒன்றரை வருடம் ஓடின. பாரக் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றை நட்டோம். யாரோ இடித்துச் சாய்த்தார்கள். மறுபடி நட்டோம், மறுபடி சாய்ந்தது. மூன்றாவது தடவை நான்தான் குழி தோண்டினேன், முழங்கை ஆழத்துக்கு, சிமெந்தும் போட்டேன். அது நின்றது. கடைசியில் லோரிகள் ஓய்ந்தது, வெட்டுவதற்குக் குன்றில் மண் தீர்ந்துபோனதால்தான்.

ஆனால் வளைவைச் செய்த அந்த வருட அக்டோபரில் பத்து நாள் விடாமல் மழை கொட்டியது. வயல் தண்ணீர் சாலையைத் தாண்டி ஓடியது. தண்ணீர் வடிந்த மறுநாள் காலை நாங்கள் கல் லோரியோடு போனோம். வழியெல்லாம் குழி, ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தோம். பள்ளி வளைவுக்கு வந்தபோது மண்டோர் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி நடந்தார். காலால் அழுத்திப் பார்த்தார். ஓரம்கூட உடையவில்லை.

“இங்க ஒண்ணும் வேலை இல்ல, தங்கச்சி. ஏறு, போவோம்” என்றார்.

ஏறினேன்.