பச்சை டிக்

“பன்னு இருக்கா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கண்ணே.” மன்னார்புரம் டீக்கடையில் தினமும் காலை ஒன்பது மணிக்கு ஆன்சி கேட்பது இது. “உக்காருங்க, பாக்கலாம்” என்ற பதில் அவளுக்கு ஆகாது. சொந்தக்காரர்கள் பத்திரிகை வைக்க வந்தால், “வர மாட்டேங்க, அன்னைக்கு வேலை இருக்கு” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அவள் குடியிருக்கும் பொன்மலையில் பாதிப் பேர் அவளோடு பேசுவதில்லை.

டீக்கடைக்கு மேல்மாடியில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகம். ஆன்சிக்கு ஜாவா என்ற நிரல்மொழியில் சர்வர் பக்கத்து வேலை. செல்போனில் இருக்கும் ஆப் கேள்வி கேட்கும். அவள் எழுதிய நிரல் சர்வரிலிருந்து பதில் அனுப்பும். பதிலின் தலையில் ஓர் எண் போகும். இருநூறு என்றால் காரியம் முடிந்தது. நானூற்றில் தொடங்கினால் கேட்டது கிடைக்கவில்லை. எழுதி முடித்ததும் அவளே குறும்பு செய்து பார்ப்பாள். பிப்ரவரி முப்பதாம் தேதிக்கு இடம் கேட்பாள், பிறந்த தேதியில் அடுத்த வருடத்தைப் போடுவாள். சர்வர் மறுத்துவிட்டால் “சமத்து” என்று திரையைத் தட்டிக்கொடுப்பாள்.

நான்கு வருடங்களுக்கு முன் அவள் ஒரு தப்புச் செய்தாள். ஒரு தனியார் மருத்துவமனையில் டயாலிசிஸுக்கு இடம் பதியும் ஆப் அது. இடம் இல்லாவிட்டாலும் இருநூறையே அனுப்பி, ‘இடம் இல்லை’ என்பதை உள்ளே வாசகமாக வைத்துவிட்டாள். ஆப் அந்த எண்ணை மட்டும் பார்த்துப் பச்சை டிக் காட்டியது. வேறு வேலையாக ஒருநாள் அங்கே போனபோது, திருவெறும்பூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த பிச்சை என்ற நோயாளி, வீங்கிய காலோடு உட்கார்ந்து செல்லைக் காட்டினார். “பச்சை டிக் காட்டுதும்மா, மெஷின் இல்லேங்குறாங்க.” மாலையில்தான் அவருக்கு மெஷின் கிடைத்தது. அதுவரை அவளும் கூடவே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குப் பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

அதே மருத்துவமனைக்குப் புதிய பதிப்பை இன்று காட்ட வேண்டும். பிடிக்காவிட்டால் வேலை ஒரு சென்னைக் கம்பெனிக்குப் போய்விடும். முதலாளி அறிவுமதி அவளைவிட ஆறு வயது இளையவன்.

“அக்கா, டெமோவுல சிவப்பு வரக் கூடாது. எல்லாத்துக்கும் இருநூறு அனுப்பிடுங்க. அப்புறம் மாத்திக்கலாம்.”

“அப்புறம்னு ஒண்ணு வரவே வராது தம்பி. இடம் இல்லேன்னா இல்லேன்னுதான் போகும்.”

மதியம் மருத்துவமனை மேலாளர் ஷேக் தாவூது வந்தார். ஆப்பைத் திறந்து, நிரம்பிப்போன நேரமாகப் பார்த்து அழுத்தினார். திரை சிவந்தது: ‘இடம் பதிவாகவில்லை. புறப்பட வேண்டாம். இந்த எண்ணை அழையுங்கள்.’ அறிவுமதி தலையில் கை வைத்துக்கொண்டான்.

“இது யாரு நம்பருங்க?” என்ற மேலாளர், பதிலுக்குக் காத்திராமல் அந்த எண்ணை அழைத்தார்.

ஆன்சியின் கைப்பைக்குள் மணி அடித்தது. அவள் செல்லை எடுத்துக் காதில் வைத்து, எதிரே உட்கார்ந்திருந்தவரிடமே, “சொல்லுங்க, ஆன்சி பேசுறேன். பேஷண்ட் பேரு?” என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் திறந்தாள்.