கொக்கி மாட்டிய இடம்

அன்று வளைகுடாவில், எங்கள் முவைலா கேம்ப் ஆபீஸில் இருந்தவர்கள்: ஃபோர்மேன், திருநெல்வேலிக்காரர். லிஃப்ட் செக்‌ஷன் தலைமை மெக்கானிக், உஸ்தாத் என்று கூப்பிடுவோம், பெஷாவர் பக்கத்துக்காரர். என் ரூம்காரர்கள் இரண்டு பேர், ஒருவர் புதுக்கோட்டை, ஒருவர் பரமக்குடி. கடைசியாக நான்.

நாங்கள் மூவரும் ஷட்டரிங் கார்பென்டர்கள். கான்கிரீட் ஊற்றப் பலகை அடைக்கிற வேலை. பதினோரு வருஷம் ஒன்றாகச் செய்தோம். இப்போது எல்லாம் அலுமினியத் தகடு. ஆணி அடிக்க ஆள் வேண்டாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது.

ஃபோர்மேன் சுற்றி வளைக்கவில்லை.

"ரெண்டு வழிதாம்ல இருக்கு. மாலுல கிளீனிங், நாளைக்கே டூட்டி. இல்லன்னா லிஃப்ட் செக்‌ஷன். எங்க பாத்தாலும் டவர் ஏறுது, லிஃப்டுக்கு ஆள் பத்தல. ஆனா ஒருநாள் ட்ரையல். உஸ்தாத் வேண்டாம்னுட்டார்னா கலாஸ், முடிஞ்சுது. கிளீனிங்ல எடம் அதுக்குள்ள நெறஞ்சிரும். ஊருக்கு டிக்கெட்தான்."

ஒரு ரூம் ஆட்கள் ஒரே பக்கம் போவதுதான் எங்கள் வழக்கம். டூட்டி ஒன்றாக இருந்தால்தான் மெஸ் ஓடும். ஒருவர் காய் நறுக்க, ஒருவர் சோறு வடிக்க, நான் குழம்பு வைக்க. இரண்டு பேரும் கிளீனிங்குக்குக் கை தூக்கினார்கள். என் கையும் பாதி ஏறிவிட்டது.

எனக்கு மிஷின் பிடிக்கும். கேம்ப் வாஷிங் மிஷின் சத்தம் மாறினால் எந்த இடம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். ரூம் ஏசியை நான்தான் பிரித்து மாட்டுவேன். யாரும் சொல்லித் தரவில்லை. பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. ஊரில் இரண்டு பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள். டிக்கெட் போட்டால் அதுவும் நிற்கும்.

கையை இறக்கினேன்.

"லிஃப்ட்," என்றேன்.

புதுக்கோட்டைக்காரர் திரும்பினார். "மாப்ள, லிஃப்டுல ஏறுனாலே கண்ணை மூடுற ஆளு நீ. அது கெடக்கட்டும், கொழம்பு யாரு வைக்கிறது?"

"நீங்க வைங்க மாமா."

"நான் வச்சா நானே திங்க மாட்டேன்டா."

உஸ்தாத் மட்டும் சிரிக்கவில்லை. என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஒரு டவருக்குக் கூட்டிப்போனார். லிஃப்ட் இறங்கும்போது எங்கோ ஒரு சத்தம் வருகிறது, குடியிருப்பவர்கள் புகார். அதைக் கண்டுபிடிப்பதுதான் ட்ரையல்.

மேல்மாடியில் கதவைத் திறந்து, கொஞ்சம் கீழே நின்ற லிஃப்டின் கூரைமேல் இறங்கினோம். ஒரு பல்பு வெளிச்சம். கிரீஸ் வாசனை. கூரைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் இருட்டு. எவ்வளவு ஆழம் என்று பார்க்கவில்லை.

உஸ்தாத் என் இடுப்பு பெல்ட்டில் தொங்கிய கயிற்றுக் கொக்கியைக் காட்டி, மாட்டு என்றார்.

ஷட்டரிங்கில் ஒரே பாடம். அசையாத இடத்தில் கொக்கியை மாட்டு. அசைகிற எதையும் நம்பாதே. பதினோரு வருஷம் அப்படித்தான் உயிரோடு இருந்தேன். சுவரில் ஓர் இரும்புத் தாங்கி இருந்தது. கை தானாக அங்கே போனது. மாட்டினேன். இழுத்துப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. கொஞ்சம் தைரியம் வந்தது.

உஸ்தாத் லிஃப்டை ஓட்டும் பட்டன் பெட்டியோடு முதுகைக் காட்டி நின்றார். கிளம்பலாம் என்பதுபோல் "யல்லா," என்றார்.

லிஃப்ட் மெதுவாக இறங்கியது. சுவர் மேலே போனது. சுவரோடு என் கொக்கியும் மேலே போனது. தொங்கிக்கொண்டிருந்த கயிறு நிமிர ஆரம்பித்தது. ஏன் நிமிர்கிறது என்று முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கால் கூரையை விட்டு எழும்பப்போகிறது.

"ருக்கோ! பாய், ருக்கோ!"

அவர் பட்டனிலிருந்து விரலை எடுத்தார். நின்றது.

திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. லிஃப்டைக் கொஞ்சம் மேலே ஏற்றி, சுவரிலிருந்து கொக்கியைக் கழற்றி, கூரைமேல் இருந்த லிஃப்டின் சொந்த இரும்புச் சட்டத்தில் மாட்டினார். இது போகிற இடத்துக்குத்தான் நீயும் போகிறாய், இதிலேயே மாட்டு என்று இந்தியில் சொன்னார். பிறகு பட்டன் பெட்டியை என் கையில் கொடுத்தார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அழுத்தினேன். விரலை எடுத்தால் நின்றுவிடும். அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடாமல் இறங்கினேன். இருபத்து மூன்றாம் மாடி தாண்டும்போது இடது பக்கம் 'டக்' என்றது. நிறுத்தினேன். ஏற்றினேன், இறக்கினேன். அதே இடம்.

"இதர்," என்று காட்டினேன்.

லிஃப்ட் ஓடுகிற இரும்புத் தண்டவாளத்தில் ஒரு இணைப்பு. உஸ்தாத் விரலால் தடவினார். நூலளவு விலகியிருந்தது.

"கான் அச்சா," என்று என் காதைக் காட்டினார். அப்புறம் தலையைத் தட்டினார். "தமாக் மாஃபி." காது நல்ல காது, மூளைதான் இல்லை.

அங்கிருந்தே ஃபோர்மேனுக்கு போன் போட்டு, இவன் இருக்கட்டும் என்றார்.

இப்போதும் லிஃப்ட் செக்‌ஷன்தான். இப்போதும் பயம்தான். கொக்கி விஷயத்தை ரூமில் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை.

கார்பென்டர் கை அளக்காமல் இருக்காது. அன்று லிஃப்ட் நின்றதும், உஸ்தாத் திரும்புவதற்குள், கயிற்றில் மிச்சமிருந்த தொய்வைக் கை வைத்துப் பார்த்தேன்.

நான்கு விரல்.