திரு. உப்புக்கு வந்த நோட்டீஸ்

துடியலூரில் ஒரு விடுதி மெஸ்ஸில் இருபத்தெட்டு வருடம் சமைத்த சூசைமேரி, வேலையை விட்டதும் அன்னூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கர் புன்செய்க் காடு வாங்கினார். உப்புப் பூத்து வெளுத்துக் கிடந்த மண். எருக்குகூட யோசித்துத்தான் முளைக்கும். யார் சொல்லியும் கேட்கவில்லை. ஜிப்சம் போட்டார், மழைத் தண்ணீரைத் தேக்கி வடித்தார், தழையுரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதார். மூன்றாம் வருடம் சோளம் கதிர் பிடித்து நின்றது. பார்க்க வந்த வேளாண் அதிகாரி ‘மீட்கப்பட்ட நிலம்’ என்று சான்று எழுதிக் கொடுத்தார். மீட்பு என்ற சொல்லை ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், அதுவும் ஆன்மாவைப் பற்றி மட்டுமே கேட்டிருந்த சூசைமேரிக்குக் கண் கலங்கிவிட்டது.

தள்ளிப்போட்டிருந்த பட்டா மாற்றத்துக்கு மனுக் கொடுத்தபோது அந்தச் சான்றையும் பெருமையாக இணைத்துவிட்டார். அதுதான் வினை. தாலுகா அலுவலகக் கணினிக்கு மீட்பு என்றால் ஒரே பொருள்தான்: ஆக்கிரமிப்பில் இருந்த அரசு நிலத்தைத் திரும்ப எடுப்பது. அடுத்த வாரமே சோளத்துக்கு நடுவே ‘மீட்கப்பட்ட அரசு நிலம்’ என்று பலகை நின்றது.

ஓடினார். எழுத்தர் வரதராஜுலு உட்கார வைத்துப் பரிவாகத்தான் கேட்டார்.

“ஏனுங்கம்மா, மீட்டதுன்னா யாராச்சும் புடிச்சு வெச்சிருந்திருக்கோணுமல்லங்க. அது யாருங்க?”

“உப்புங்க.”

அப்படியே எழுதிக்கொண்டார். நிலம் சூசைமேரியுடையது என்று திருத்த, ஆக்கிரமித்தவரை விசாரித்தாக வேண்டுமாம். பத்தாம் நாள் பலகையில் நோட்டீஸ் ஒட்டினார்கள்: திரு. உப்பு, தந்தை பெயர் தெரியவில்லை, நேரில் ஆஜராகவும்.

விசாரணை நாளில் உதவியாளர் வாசலில் நின்று உப்பை மூன்று முறை கூப்பிட்டார். தாசில்தாரின் எலுமிச்சை ஜூஸுக்குக் கேட்கிறார்கள் என்று நினைத்த கேன்டீன்காரர் முஸ்தபா, ஒரு கிண்ணம் உப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஆஜரானதாக எழுதுவதா என்று வரதராஜுலு பேனாவும் கையுமாக நின்றார். தாசில்தார் கிண்ணத்தையே நெடுநேரம் பார்த்தார். சூசைமேரி சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அழுவாதீங்கம்மா, நாயம் கெடைக்குமுங்க” என்றார் தாசில்தார்.

அன்றே உத்தரவு வந்தது. உப்பு பதில் ஏதும் சொல்லாததால் வெளியேற்றப்படுகிறது, நிலம் சூசைமேரிக்கே, உப்பு மேல்முறையீடு செய்ய முப்பது நாள் அவகாசம், அதுவரை அறுவடை கூடாது.

முப்பத்தொன்றாம் நாள் விடிந்ததும் சூசைமேரி அரிவாளோடு காட்டில் இறங்கினார். பாதிக் கதிரை மயில்கள் தின்று தீர்த்திருந்தன. எங்கே மயிலுக்கும் நோட்டீஸ் ஒட்டிவிடுவார்களோ என்று பயந்து, யாரிடமும் மூச்சுவிடாமல் மீதியை அறுத்து வீடு சேர்த்தார்.