குச்சோடு எரிந்த பாய்மரம்

வெயிலில் காய்ந்த லாரித் தார்ப்பாய்க்கு ஒரு வாசனை உண்டு. டீசலும் மெழுகும் என்றைக்கோ நனைந்த மழையும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறினால், எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது கோபம்தான். இளமைக்காலம் என்றாலே இனிக்க இனிக்க எழுத வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியாது, என்னால் அது ஆகாது.

அப்பா நாமக்கல்லில் லாரிக்கு ‘பாடி’ கட்டும் பட்டறையில் தச்சு வேலை பார்த்தார். வாரம் முழுக்க அங்கேயே தங்கிவிட்டுச் சனிக்கிழமை பொழுது சாயும்போது பனமரத்துப்பட்டிக்கு வருவார். பெருமழையில் ஏரி தளும்பி நின்ற ஒரு வருசம், பட்டறையில் கழித்துப் போட்ட பலகைகளைக் கொண்டுவந்து, இடுக்குகளில் தார் காய்ச்சி ஊற்றி, நடுவில் நெடுமூங்கில் ஒன்றை நட்டு, கிழிந்த நீலத் தார்ப்பாயை வெட்டித் தைத்துக் கட்டி எனக்கு ஒரு பாய்மரப் படகு செய்து தந்தார். மீன் பிடிக்கும் பரிசலை மட்டுமே பார்த்திருந்த எங்கள் தெரு அதற்கு ‘தார்ப்பாய்க் கப்பல்’ என்று பெயர் வைத்துச் சிரித்தது. சிரிக்கட்டும். கவிழ்ந்து, தண்ணீர் குடித்து, பாய்க்கயிறு உள்ளங்கையை அறுக்க அறுக்க நானாகவே ஓட்டப் பழகினேன். ஜருகுமலைப் பக்கமிருந்து காற்று இறங்கிப் பாயில் ஏறி, படகு ஒருச்சாய்ந்து ஓடும் அந்த நேரத்தில் என்னை அதட்ட உலகத்தில் ஆளே கிடையாது. அவ்வளவு சந்தோசமாக நான் அதற்குப் பிறகு இருந்ததில்லை என்று சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

அந்த ஐப்பசியில் நான் வயசுக்கு வந்தேன். எங்கள் பக்கம் பெண் பெரியவளானால் தாய்மாமன் பச்சை ஓலை வெட்டிவந்து வாசலில் ‘குச்சு’ கட்டுவார். சீர் முடியும்வரை அந்தச் சின்னக் குடிசைக்குள்தான் அவள் இருக்க வேண்டும். என் மாமன் ராசிபுரத்திலிருந்து டெம்போவில் ஓலையோடு வந்து இறங்கினார். நடுவில் ஊன்றக் கம்பு வேண்டியிருந்தது; என் பாய்மரம் ஊன்றப்பட்டது. மழை தூறியது, என் பாய் கூரைக்கு மேலே விரிக்கப்பட்டது. என்னை ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. ஆனாலும், படுத்தபடி அண்ணாந்தால் என் பாய் காற்றில் உப்புவது தெரிந்ததால், உள்ளே எனக்கு ஆறுதலாகவே இருந்தது. சீர் முடிந்ததும் இரண்டும் படகுக்கே திரும்பிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சீரன்று காலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றி என்னை வெளியே அழைத்த கையோடு மாமன் குச்சைப் பிரித்து வீட்டுக்குப் பின்னால் குவித்தார். பாயை இழுக்கப் பாய்ந்த என் கையை அம்மா பிடித்துக்கொண்டாள்.

“குச்சுல பட்டது ஊட்டுக்குள்ள வரக் கூடாது சாமி, தீட்டு. எரிச்சறோணும்.”

“அப்பா, நீங்களாச்சும் சொல்லுங்கப்பா” என்று கத்தினேன். அப்பா தரையைப் பார்த்தபடி, “போவட்டும் உடு கண்ணு” என்றார். ஓலை ஈரத்தில் புகைந்தது. தார்ப்பாய் மட்டும் கரும்புகை கக்கிக்கொண்டு மளமளவென்று எரிந்தது.

அதையாவது பொறுத்திருப்பேன். குச்சைக் கட்டிய நைலான் கயிறு மாமனுடையது, புதுசு. அதை மட்டும் பத்திரமாக அவிழ்த்துச் சுருட்டிப் பைக்குள் வைத்தார்.

“மாமா, அதுவும் குச்சுல பட்டதுதானுங்களே?”

“கயித்துக்கெல்லாம் தீட்டு இல்ல சாமி, மஞ்சத்தண்ணி தெளிச்சாப் போதும்.”

பந்தியில் உட்கார்ந்திருந்த கூட்டம் மொத்தமும் சிரித்தது. கயிற்றுக்குத் தெளித்த மஞ்சள் தண்ணீரில் ஒரு கை என் பாய்க்கும் தெளித்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்க அங்கே ஒரு நாதி இல்லை.

மிச்சமிருந்தது பாயும் மரமும் இல்லாத வெறும் படகு. சீர் கொண்டுவந்த மாமனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதாம். அவர் வீட்டு எருமைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி இல்லையாம். பட்டுச்சேலையும் மஞ்சள் பூசிய முகமுமாக நிற்கவைத்து, “எடுத்துட்டுப் போங்க மாமா” என்று என் வாயாலேயே சொல்லவைத்தார்கள். டெம்போ கிளம்பிப் போனது. இனி உனக்கு ஏரிப் பக்கம் என்ன வேலை என்று ஆளாளுக்கு ஒரு தரம் சொல்லிவிட்டு, பாயசம் குடிக்கப் போனார்கள்.

இப்போது சீரெல்லாம் மண்டபத்தில் நடக்கிறது. மேடையில் பிளாஸ்டிக் ஓலையில் குச்சு நிற்கிறது. சாப்பாடு முடிந்ததும் வாடகைக்காரர்கள் அதை மடித்து அடுத்த மண்டபத்துக்கு எடுத்துப் போகிறார்கள். அன்றைக்கு அத்தனை கெட்டியாக இருந்த தீட்டு எங்கே போனது என்று தெரியவில்லை. ஏரியில் கண்ணுக்கெட்டிய வரை சீமைக் கருவேலம்தான்.

போன மாதம் என் மகள் பெரியவளானாள். குச்சும் வேண்டாம், சீரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அம்மா குதித்தாள். பேச்சு வளர்ந்து, மாமன் என் பாயைக் கொளுத்தியதில் வந்து நின்றது. அத்தனை வருசமாக நான் அவரோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை.

“அவன எதுக்குடி திட்டற?” என்றாள் அம்மா. “கொட்டாயில அத்தன மூங்கிலு கெடந்துச்சு. உங்கப்பாதான் அந்தக் கம்பையும் பாயையும் கழட்டியாந்து அவங்கிட்டக் குடுத்தாரு. வயசுக்கு வந்த புள்ளய ஏரிக்கு உட முடியுமா? அவரு வாயால போவாதன்னா நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவ. அது அவருக்குத் தாங்காது.”

அப்பா இறந்து இரண்டு வருசம் ஆகிறது. ஆசுபத்திரியில் என் கையைப் பிடித்தபடி மணிக்கணக்காகப் படுத்திருந்தார், அப்போதாவது சொல்லியிருக்கலாம். தன் மேல் எனக்குக் கோபம் வரக் கூடாது என்று, கட்டிய கையாலேயே கழற்றிக் கொடுத்துவிட்டு, தீட்டின் தலையிலும் மாமன் தலையிலும் பழியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். செத்தவரோடு எப்படிச் சண்டை போடுவது? அவர் படத்துக்கு முன்னால் நின்று நான் தினமும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.