கிணற்றுத் தண்ணீரில் போன தகடு

நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை. பொறியியல் பீடத்தில் மூன்று வருடம் மினக்கெட்டு நான் செய்த வேலை அது. அலுமினியத் தகட்டை அமிலத்தில் வைத்து மின்சாரம் பாய்ச்சி, கண்ணுக்கே தெரியாத நனோத் துளைகளை வரிசையாகப் போடுவது. அதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று யோசித்ததும் நான்தான். துளைகளுக்குள் சாயம் இறங்கித் தகடு நிறம் மாறுவதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். மயிலிட்டிக் கடற்கரைப் பள்ளிக்கூடத்தில் அதைச் செய்துகாட்டுவதற்கு அடித்த பதாகையிலோ எங்கள் பேராசிரியரின் பெயர் மட்டும் இருந்தது. போய்க் கேட்டேன்.

"உதிலை பேர் போடுற அளவுக்கு நீர் என்ன செய்தனீர்?" என்றார்.

அன்றே மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

புறப்படும் காலையில் காய்ச்சி வடித்த தண்ணீர்ப் போத்தல்களை வாகனத்தில் ஏற்றப் போனேன். "தண்ணியையும் காவிக்கொண்டு போறதே? அங்கை கிணறு இல்லையோ?" என்றார் பேராசிரியர். கடற்கரைக் கிணற்றின் உப்பு தகட்டை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தன் கையால் ஒருநாளும் செய்து பார்க்காத அவருக்குத் தெரியாது. "ஓம் சேர்" என்றேன். இரண்டு போத்தலை மட்டும் என் பைக்குள் ஒளித்தேன்.

மண்டபம் நிறையப் பிள்ளைகள். கிணற்றுத் தண்ணீரில் அமிலத்தைக் கலந்து, மின்சாரம் கொடுத்து, அவர் பெரிதாகக் கதைத்தார். வெளியே எடுத்தால் தகடு அம்மை போட்டதுபோலப் பொத்தல் பொத்தலாக இருந்தது. சாயமும் திட்டுத்திட்டாகத்தான் பிடித்தது. முன்வரிசையில் ஒரு மாணவி எழும்பினாள்.

"சேர், எங்கடை கிணத்துத் தண்ணி உப்பு. அப்பா படகு எஞ்சினைக்கூட அதாலை கழுவமாட்டார். அலுமினியத்தை அரிச்சுப்போடும்."

"உமக்கென்ன தெரியும்? இரும்!"

என்னிடம் பேசிய அதே குரல். நான் எழும்பினேன். "அவ சொல்லுறதுதான் சரி, சேர்," என்றேன், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. பையிலிருந்து போத்தல்களை எடுத்தேன். அமிலத்தை நான் கலந்தேன், அவள் சுவிட்சைப் போட்டாள். சாயத்தில் தோய்த்த புதுத் தகடு சீரான நீலமாக வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பேராசிரியர் பதாகைக்குக் கீழே வியர்த்துப்போய் நின்றார். எனக்குக் கொஞ்சமும் பாவமாக இருக்கவில்லை, இன்றைக்கும் இல்லை.

பொத்தல் விழுந்த தகட்டைச் சட்டம் போட்டு ஆய்வுகூட வாசலில் மாட்டியிருக்கிறேன். தன் அறைக்குப் போக அவர் அதைக் கடந்துதான் ஆகவேண்டும். போன கிழமை நின்று, கழற்றச் சொன்னார்.

"ஏன் சேர்? பேரும் போட்டிருக்கிறன்," என்றேன்.

அவருடைய பெயரை மட்டும்.