ஜெறோமின் வலது தோள்

சென்ற வாரம் நமது மில்லிக்கன் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் பழைய ஃபுட்போல் அணியின் படத்தைப் போட்டு, இரண்டு நாட்களாக வாதாடியவர்களுக்கு ஒரு திருத்தம். "படிப்பு, படிப்பு என்று ஜெறோமை மறித்தது அவனுடைய அம்மாதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மறிக்கவில்லை. மறித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்னொன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் இந்தக் கனடிய ஃபுட்போலில் பத்து யார்ட் தூரம் முன்னேற மூன்று முயற்சிகள்தான். நான்கு என்று எழுதியவர் அமெரிக்கத் தொலைக்காட்சி பார்ப்பவராக இருக்க வேண்டும்.

அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஒரு மணம்... நோவெண்ணெயும், அதன்மேல் அள்ளித் தூவிய குழந்தைப் பவுடரும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கணவர் இறந்த பிறகு மகனோடு கனடாவுக்கு வந்து நான்கு வருடங்கள். பாண் சுடும் தொழிற்சாலையில் எனக்கு மூன்று மணிக்கு வேலை முடியும். இரண்டு பஸ் மாறி, சீருடைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, பள்ளி மைதானத்தின் கம்பி வேலியோரம் போய் நிற்பேன். ஜெறோம் அணியின் குவாட்டர்பாக். பந்தை முதலில் வாங்கி, யாருக்கு எறிவது என்று முடிவெடுப்பவன். அந்த இடத்துக்கு ஒரு தமிழ்ப் பிள்ளை வந்தது எங்கள் பகுதியில் பெரிய பேச்சு.

வேலியோரம் நம்மவர்கள் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். முன்னணியில் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்த மாஸ்ரர். பக்கத்தில் ரக்சி ஓடும் ரவி.

"கோச்சுக்கு மூளை இல்லை. இடப்பக்கத்தால ஓடவிட்டால் வெல்லலாம்," என்பார் மாஸ்ரர்.

"மாஸ்ரர், போன வருசம் வரைக்கும் ஏன் ஒருத்தரும் பந்தைக் காலால அடிக்கினமில்லை எண்டு கேட்டுக்கொண்டு நிண்டனீங்கள்," என்பான் ரவி.

நானும் சிரிப்பேன். நூலகத்தில் புத்தகம் எடுத்து விதிகளைப் படித்திருந்தவள் அங்கே நான் ஒருத்திதான். சொல்லிக்கொள்வதில்லை.

செப்டம்பர் கடைசியில், பயிற்சியில் இரண்டு பேர் மேலே விழ, ஜெறோமின் வலது தோள் நிலத்தில் அடிபட்டது. எறிகிற கை. அன்று பின்னேரம் சேர்ட்டைக் கழற்றவே அவனால் முடியவில்லை.

"அம்மா, கோச்சிட்டைச் சொல்லட்டே?"

"வேண்டாம்," என்றேன்.

ஏன் என்று இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியும். 'தகப்பன் இல்லாத பிள்ளை, ஒரு அடிக்கே தாங்கமாட்டுது' என்று வேலியோரம் ஒரு வாய் சொல்லுவதை நான் கேட்க விரும்பவில்லை. வீட்டு நோவை வெளியே காட்டாமல் வளர்ந்தவள் நான். கொன்வென்ரில் காய்ச்சலோடு வரிசையில் நின்றதைப் பெருமையாக நினைத்தவள். டொக்டரிடமும் கூட்டிப் போகவில்லை. போனால் விளையாடக்கூடாது என்று பள்ளிக்கூடத்துக்குத் துண்டு எழுதிக் கொடுத்துவிடுவார். ஊரிலிருந்து வந்த நோவெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்தேன். வகுப்பில் மற்றப் பிள்ளைகளுக்கு மணக்காமல் இருக்கப் பவுடர் போட்டுவிட்டேன்.

அடுத்த மூன்று ஆட்டங்கள்... பந்து போக வேண்டிய இடத்துக்குப் பாதி தூரம் போய் விழுந்தது.

"உவன் என்ன, பிச்சை போடுற மாதிரிப் போடுறான்?" என்றார் வேலியோரம் ஒருவர்.

"தலைமை எண்டால் ஒரு சத்தம் வேணும். உவன் வாயே திறக்கிறானில்லை."

"பிள்ளையில பிழை இல்லை. கோச் பழக்கினது பிழை," என்றான் ரவி.

மாஸ்ரர் என் பக்கம் திரும்பினார். "மிஸிஸ் இம்மானுவேல், பெடியனுக்கு ஏதும் அடிகிடி பட்டிருக்கோ?"

"இல்லை. நல்ல சுகமாய் இருக்கிறார்."

"அப்ப பயம்தான்," என்றார் மாஸ்ரர். நான் அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

மூன்றாவது ஆட்டத்தின் பாதியில் கோச் அவனை வேலிக்குக் கிட்டக் கூட்டி வந்து நிறுத்தினார். அடி ஏதும் பட்டிருக்கிறதா என்று ஆங்கிலத்தில், மரியாதையாகத்தான் கேட்டார். ஜெறோம் அவருக்குப் பதில் சொல்ல முதல் என்னைப் பார்த்தான். நான் தலையை அசைத்தேன். இல்லை என்று... மெதுவாக, ஒருமுறை.

"நோ, கோச்," என்றான்.

கோச் இன்னொரு பிள்ளையை உள்ளே அனுப்பினார். ஜெறோம் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மைதான ஓரத்து வாங்குப் பலகையில் இருந்தான். வியர்வையில் கரைந்த பவுடர் அவன் கழுத்தில் வெள்ளைக் கோடாக இறங்கியிருந்தது. வேலியோரம் நின்ற எனக்கே அது தெரிந்தது. அந்தப் பருவம் முடியும்வரை அவன் வாங்கில்தான் இருந்தான். அடுத்த வருடம் அணியில் சேரவில்லை. வீட்டில் அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு ஒரு டொக்டர் தோளை எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, அப்போதே காட்டியிருக்க வேண்டும் என்றார். இப்போதும் அலுமாரியின் மேல்தட்டில் ஏதும் எடுப்பதென்றால் அவன் இடது கையைத்தான் நீட்டுகிறான்.

அவனுடைய மகள் இப்போது பள்ளியில் கூடைப்பந்து விளையாடுகிறாள். ஒரு விரல் சுளுக்கினாலும் அன்றைக்கே கோச்சுக்கு ஈமெயில் எழுதுகிறான். நான் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். அந்த நாளில் நான் ஒரு துண்டில் இரண்டு வரி எழுதியிருக்கலாம். நல்ல ஆங்கிலத்தில் எழுதவும் தெரியும்.

உங்கள் வாதங்களை அவனும் வாசித்தான். "விடுங்கோ அம்மா, சொல்லிப்போட்டுப் போகட்டும்," என்றான். நான் விடுவதாக இல்லை. களைத்துப் போனேன்... அந்தப் பொய்யை இனியும் சுமக்க ஏலாது.

மாஸ்ரர், நீங்கள் இப்போது ஸ்ரௌவ்வில்லில் மகன் வீட்டில் இருக்கிறீர்கள். தினமும் காலையில் குழுவில் பூப்படம் போடுகிறீர்கள். சென்ற வாரம் "திறமை இருந்தது, துணிவு இல்லை" என்று ஜெறோமைப் பற்றி எழுதியவரும் நீங்கள்தான். நீங்கள் கேட்டபோது உங்களுக்குப் பொய் சொன்னது நான். அது என் பிழை, உங்களுடையது அல்ல.

இப்போது உண்மை தெரியும். ஆகவே அவன் பயந்தவன் அல்ல என்று இதன் கீழே ஒரு வரி எழுதிவிடுங்கள். ரெலிபோன் எடுக்க வேண்டாம். எழுத்தில் வேண்டும். ஜெறோம் வாசிப்பான்.