நல்லதாகப் பொறுக்கிக் கொடுத்த நாற்று

அந்த நாற்றுப்பண்ணையில் வேலை பார்க்கும் பெண்கள் முதலாளியம்மாவுக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பேர் கடுகு. சட்டி சூடானால் கடுகு வெடிக்கும். இவளுக்குச் சட்டியே வேண்டாம். ஒருநாள் அந்தப் பேர் அவள் காதிலேயே விழுந்துவிட்டது. "பொருத்தமாத்தான் வச்சிருக்கீங்க, போய் வேலையப் பாருங்க" என்று அதற்கும் ஒரு வெடி வெடித்துவிட்டுப் போனாள்.

கோபம் ஒன்றும் அவளுக்கு ஆகாயத்திலிருந்து விழவில்லை. அப்பா பண்ணையை நடத்திய கடைசி வருடம் தக்காளி நாற்றில் தேமல் நோய் புகுந்தது. இலையில் திட்டுத் திட்டாக ஆரம்பிக்கும். அப்புறம் இலையே நூலாகச் சுருங்கிவிடும். அது வைரஸ், மருந்து கிடையாது. வாங்கிப்போனவர்கள் பிடுங்கிய செடிகளைக் கொண்டுவந்து வாசலில் கொட்டி, அப்பாவை வாய்க்கு வந்தபடி பேசினார்கள். மனுஷன் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. பேசாமலே போய்ச் சேர்ந்தார். அடுத்த வருடமே அவள் கணவனும் போனான். கையில் சின்னப் பெண், தலையில் பண்ணை. அன்றைக்கு வாயைத் திறந்தவள்தான், அப்புறம் மூடவே இல்லை.

கூட நின்றவன் தம்பி ஒருவன்தான். கல்யாணம்கூடச் செய்துகொள்ளாமல், அக்கா பெண்ணைத் தோளில் போட்டு வளர்த்த தாய்மாமன். வாசலும் விற்பனையும் அவனுக்கு, நாற்று வளர்க்கும் கொட்டகை அவளுக்கு என்று ஆயிற்று.

பயிர்நோய் அலுவலகத்திலிருந்து ஒருவர் ஒரு தக்காளி இலையைக் கொண்டுவந்து கொடுத்தார். அதிலும் அதே தேமல் வைரஸ், ஆனால் சாதுவான வகை. இதை இளஞ்செடியில் ஏற்றிவிட்டால் பொல்லாதது உள்ளே வராது என்றார். "நோய ஒழிக்க வழி கேட்டா நோயவே கையில குடுக்கிறீங்களா? நல்லா இருக்கு உங்க நியாயம்!" என்று அவரைத் துரத்தாத குறை. ஆனாலும் ஒரு நாற்றுத் தட்டில் செய்து பார்த்தாள். பலித்தது. அதன்பிறகு அந்தச் சாதுவைத் தாய்ச்செடிகளில் வைத்துக் காப்பாற்றி வருவதே அவள் பிழைப்பாகிவிட்டது.

புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் அவள் சொல்வாள்: "ரெண்டும் பங்காளிங்க. ரெண்டுக்கும் ஒரே சமையல்கட்டுதான் வேணும். நம்ம சாது முதல்ல போய் அடுப்பப் புடிச்சு உக்காந்துட்டான்னா, அந்த முரடன் வாசலோட சரி. வேற குடும்பத்து வைரஸ் எதுனா வந்தா இவன் கண்டுக்கவே மாட்டான். பங்காளிய மட்டும் விடமாட்டான். மனுஷங்க மாதிரியேதான்."

வேலை நுணுக்கமானது. தாய்ச்செடியின் இலையை அரைத்து, வடிகட்டி, நாற்றின் இலையில் மணல் போன்ற நைசான பொடியைத் தூவி, அந்தச் சாற்றை விரலால் மெல்லத் தேய்க்க வேண்டும். பொடி இலையைக் கீறும், கீறல் வழியாகச் சாது உள்ளே போகும். சில நாளில் இலை லேசாக வெளிறும். அந்த வெளிறல்தான் காவல் ஏறிவிட்டதற்கு அடையாளம். சிலதில் ஏறாது. அவை கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கும். அவற்றைத் தேடிப் பிடித்து மறுபடி தேய்ப்பாள்.

தம்பிக்கு இதெல்லாம் தெரியாது. "நாத்து ஏன் வெளுத்திருக்கு?" என்று வாங்க வருகிறவர்கள் கேட்டால், "அக்கா போடுற மருந்து, அப்படித்தான் இருக்கும்" என்பான். ஒரே ஒருமுறை அவளிடமே கேட்டான். "கேள்வி கேக்கிற நேரத்துல நாலு தட்டத் தூக்கி வச்சாலும் புண்ணியம்" என்றாள். அதன்பிறகு அவன் கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

மகள் கல்யாணமாகிப் போன இடத்தில், வீட்டுக்குப் பின்னால் பசுமைக்குடில் ஒன்று போட்டாள். புகுந்த வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. "ஒரு பருவம் பாக்கலாம். சரிவரலைன்னா பிரிச்சு வித்துட வேண்டியதுதான்" என்று மாமியார் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அந்த ஒரு பருவத்துக்கு நாற்று அம்மாவின் பண்ணையிலிருந்து போக வேண்டும்.

வண்டி வந்த அன்று பார்த்துக் கடுகு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தாள். தம்பி ஏற்றி அனுப்பினான். கன்னம் வீங்கித் திரும்பியவள், போய்விட்டதா என்று கையால் கேட்டாள். போய்விட்டது என்று அவனும் தலையாட்டினான்.

பூவெடுக்கும் சமயத்தில் மகளிடமிருந்து போன் வந்தது. "அம்மா, இலையெல்லாம் நூல்நூலா இருக்கும்மா."

அக்காவும் தம்பியும் அடித்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். குடிலின் பாதியில் இலை என்று சொல்ல ஒன்றுமில்லை. நின்ற இடத்திலேயே அவளுக்கு அப்பாவின் வாசல் ஞாபகம் வந்தது. "இது என் நாத்தே இல்ல! காவல் ஏறின செடியில இது எப்படிடா வரும்? எந்தத் தட்டுலேர்ந்துடா எடுத்த?"

"எல்லாத் தட்டுலேர்ந்தும்தான்க்கா" என்றான் தம்பி. அப்போதும் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "நம்ம புள்ளைக்குப் போறதாச்சே. வெளுத்தத எல்லாம் தள்ளிட்டு, நல்லாப் பச்சையா இருக்கிறதா ஒவ்வொண்ணாப் பொறுக்கினேன். நாள் பூரா குனிஞ்சு முதுகே விட்டுப்போச்சு."

கேட்டீர்களா அநியாயத்தை! கண்ணை மூடிக்கொண்டு நாலு தட்டை அள்ளிப் போட்டிருந்தால் முக்கால்வாசி பிழைத்திருக்கும். ஊரில் இருக்கிறவனுக்கெல்லாம் காவலோடு கொடுத்துவிட்டு, பெற்ற பெண்ணுக்கு மட்டும் காவல் ஏறாததாகத் தேடித் தேடி அனுப்பியிருக்கிறார்கள். எதிரிகூட இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க மாட்டான்.

மகள் நோய் கண்ட செடியின் அருகில் உட்கார்ந்தாள். "இப்போ தேச்சா ஆகாதாம்மா? உன்னோட சாதுவ இதுக்குள்ள விட்டா?"

"முரடன் அடுப்பப் புடிச்சுட்டான்டி. இனிமே சாதுதான் வாசல்ல நிக்கணும். முந்தினவனுக்குத்தான் வீடு." சொல்லும்போதே கடுகுக்குத் தாங்கவில்லை. தம்பி பக்கம் திரும்பினாள். "தின்ன சோத்துக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாடா? வாயில என்ன கொழுக்கட்டையா? பாவி, எம் பொண்ணு பொழப்புல மண்ணப் போட்டுட்டு, முதுகு வலிக்குதாம் முதுகு!"

அவன் அதுவரை இல்லாத ஒரு காரியம் செய்தான். எதிர்த்துக் கத்தினான். "யார்கிட்டக் கேக்கிறது? உன்கிட்டயா? இத்தன வருசத்துல ஒரு கேள்விக்கு மனுஷத்தனமா பதில் சொல்லியிருக்கியாக்கா? நேத்து சேந்த பொண்ணுக்குத் தெரியுது பங்காளி கத. எனக்குத் தெரியல! நான் அந்தக் கொட்டகைக்குள்ள வர லாயக்கில்லாதவன்!"

"வந்திருந்தா நான் என்ன காலையா ஒடிச்சிருப்பேன்?"

"ஒடிச்சாலும் ஒடிப்ப!"

மகள் எழுந்தாள். கையில் பிடுங்கிய செடி இருந்தது. அழுவாள் என்று இருவரும் நினைத்தார்கள். அவள் அழவில்லை, அம்மாவின் கோபம் அப்படியே அவள் முகத்தில் இருந்தது.

"நிறுத்துங்க ரெண்டு பேரும். ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு பேர் இருக்க முடியாதுங்கிறது அந்த வைரசோட தலையெழுத்து. உங்களுக்கு என்ன வந்துச்சு? இவர் வாசல்லயே நின்னாரு, நீ கொட்டகையிலயே நின்ன. நடுவுல போனது என்னோட பருவம்."

கடுகு திரும்பிக் குடிலின் மறுபக்கத்துக்கு நடந்தாள். தம்பி வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

குடிலின் மறுபாதி இன்னும் நன்றாகவே நின்றது. அவற்றுக்குள் முரடன் ஏற்கெனவே போய்விட்டானா இல்லையா என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. இன்றைக்கே தேய்த்தால் சிலதில் சாது முந்தலாம்.

"அக்கா, இதுல எது பொழைக்கும்?" என்று தம்பி கேட்டான்.

"தெரியாது" என்றாள். அந்த வார்த்தையை அவன் அவள் வாயிலிருந்து கேட்டதே இல்லை.